முன்பணம் கட்டும் முன் பேசுங்கள்

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் என் லிங்க்ட்இன் பெட்டிக்கு ஓய்வு கிடையாது. வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்கள் பலவற்றின் இரண்டாம் சுற்று முடிவுகள் வெளியாகும் நேரம் அது. மாதாப்பூரில் மென்பொருள் எழுதும் பையன், பேகம்பேட்டையில் வங்கி வேலை பார்க்கும் பெண், உப்பலிலிருந்து மகனுக்காக எழுதும் ஒரு அப்பா என்று பலரும் வருவார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "இடம் கிடைத்துவிட்டது. போகலாமா?"

நான் சிகந்தராபாத் மாரேட்பள்ளிக்காரி. கண்டோன்மென்ட் காலத்தில் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பொறியியல் முடித்து, தொழிற்சாலைப் பக்கம் வேலை பார்த்து, ஐரோப்பாவில் ஓராண்டு எம்.பி.ஏ. படித்துவிட்டு இதே ஊருக்குத் திரும்பியவள். அதனால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாருக்கும் என் நம்பர் போய்விடுகிறது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் மாமிகூட, "எங்காத்துப் பிள்ளை போன் பண்ணுவான், கொஞ்சம் சொல்லும்மா" என்கிறார்.

போகலாமா வேண்டாமா என்று நான் சொல்வதில்லை. சேரப்போகும் பள்ளியில் படித்து முடித்தவர்களிடம் நீங்களே பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

பெரிய பெயர்களும் பக்கத்து மேஜைக்காரரும்

ஹைதராபாதில் எம்.பி.ஏ. பேச்சு எடுத்தாலே மூன்று பெயர்கள் வந்துவிடும். மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெல்லா, அடோபியின் சாந்தனு நாராயண், உலக வங்கியின் அஜய் பங்கா. மூவரும் பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்தவர்கள். நாராயண் உஸ்மானியாவில் பொறியியல் முடித்து, அமெரிக்கா போய், 1993ல் பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. வாங்கினார். நாதெல்லா 1992ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தபின், வேலையை விடாமல் வார இறுதிகளில் சிகாகோவுக்குப் பறந்துபோய்ப் படித்து, 1997ல் அங்கே எம்.பி.ஏ. முடித்தார். பங்கா நம் அகமதாபாத் ஐ.ஐ.எம்.காரர்.

இந்தக் கதைகள் வீட்டில் ஊக்கம் கொடுக்கும். உங்கள் முடிவுக்கு உதவாது. 1993ன் கட்டணமும் விசாவும் வேலைச் சந்தையும் இன்றில்லை. உங்களுக்குத் தேவைப்படுகிறவர் படிப்பை முடித்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு ஆனவர். வீட்டு வாடகைக்கு அலைந்ததும், முதல் நேர்முகத் தேர்வில் திணறியதும், கடன் தவணை எப்போது தொடங்கியது என்பதும் அவருக்குத்தான் மறந்திருக்காது. அவர் இப்போது நானக்ராம்குடாவிலோ கச்சிபௌலியிலோ உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 1998ல் இங்கே தன் மேம்பாட்டு மையத்தைத் திறந்த நாளிலிருந்து, வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

நெருங்கிய நண்பர்களைவிட இப்படிப்பட்ட தூரத்து அறிமுகங்களே வேலை விஷயத்தில் அதிகம் கைகொடுக்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனை ஒட்டிய ஒரு நகரில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். உதவியவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகவே பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நம் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளி வட்டத்திலிருந்துதான் வரும். 2022ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரின் ஐந்தாண்டுத் தரவை வைத்து இதைச் சோதித்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முன்பின் தெரியாதவராகவும் இல்லாமல், நடுத்தரமான பழக்கம் உள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்றது.

ஏன் போவதற்கு முன்பே?

"அங்கே போன பிறகு பழகிக்கொள்ளலாமே" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்க இரண்டாண்டு எம்.பி.ஏ.வின் நாள்காட்டியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். செப்டம்பரிலேயே நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து பேசத் தொடங்கிவிடும். கன்சல்டிங், முதலீட்டு வங்கி வேலைகளுக்குப் போக நினைப்பவர்கள் அக்டோபர், நவம்பருக்குள் அந்த நிறுவனங்களின் ஆட்களோடு பேசிப் பழகியிருக்க வேண்டும். ஜனவரியில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கான நேர்முகத் தேர்வு. அந்த இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு நிரந்தர வேலையாகிறது. மெக்கின்சி, பி.சி.ஜி. போன்ற நிறுவனங்கள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே புதிய மாணவர்களுக்கென்று அறிமுக நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. இன்சியாட் போன்ற பள்ளிகளில் படிப்பே பத்து மாதம்தான். அங்கே மூச்சு விடவும் நேரமிருக்காது.

ஆக, பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, "நான் என்ன வேலைக்குப் போக வேண்டும்?" என்று யோசிக்க உட்கார்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் அதற்குள் நாலு பேரோடு பேசி முடித்திருப்பார். அந்த யோசனையை ஹைதராபாதில் ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்துக்கொண்டு போகலாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும், அம்மா கைச் சாப்பாடும் இருக்கும்.

இன்னொரு காரணம் பணம். அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 80,000 டாலரை ஒட்டி நிற்கிறது. சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்தால் இரண்டாண்டுக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டும். நம் கணக்கில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். இடம் கிடைத்ததும் சில வாரங்களுக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். அது பெரும்பாலும் திரும்பி வராது. விசாரிக்க வேண்டியதையெல்லாம் அதற்குள் விசாரித்துவிட வேண்டும்.

யாரைத் தேடுவது?

லிங்க்ட்இன்னில் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. எங்கே வசிக்கிறார், எந்த நிறுவனம், என்ன வேலை, எந்த ஆண்டு என்று பிரித்துப் பார்க்கலாம். நான் நான்கு வகை ஆட்களைத் தேடச் சொல்கிறேன்.

முதலாவது, உங்களைப் போன்ற வேலையிலிருந்து போனவர். ஜீனோம் வேலியில் மருந்து ஆராய்ச்சியில் இருப்பவர், அதே துறையிலிருந்து போனவரைத் தேட வேண்டும். இரண்டாவது, நீங்கள் போக நினைக்கும் வேலையில் இப்போது இருப்பவர். மூன்றாவது, இன்னும் அங்கே படித்துக்கொண்டிருக்கும் இரண்டாமாண்டு மாணவர். பல பள்ளிகள் இதற்காகவே மாணவர் தூதர்களை நியமித்து, பெயரையும் மின்னஞ்சலையும் இணையத்தில் போட்டிருக்கின்றன. நான்காவது வகையை யாரும் தேடுவதில்லை. படித்து முடித்து நினைத்த வேலை கிடைக்காமல் போனவர், அல்லது விசா முடிந்து ஊர் திரும்பியவர்.

ஒரு வரனை விசாரிக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் நிச்சயம் பண்ணுவதில்லை. பழைய வீட்டுக்காரரிடமும் கேட்போம். இதுவும் அப்படித்தான். பள்ளியின் விளம்பரத்திலும் வரவேற்புக் கூட்டத்திலும் மேடையேறுவது வெற்றி பெற்றவர்கள். கேட்டதும் உற்சாகமாகப் பதில் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. நான்காவது வகை ஆள் முதலில் தயங்குவார். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்.

பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையையும் இவர்களிடம் பேசும் முன் படித்துவிடுங்கள். "படித்து முடித்த மூன்று மாதத்துக்குள் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை" என்று அதில் இருக்கும். அது மொத்த மாணவர்களின் சதவீதம் கிடையாது. வேலை தேடியவர்களின் சதவீதம். சொந்தத் தொழில் தொடங்கியவர், நிறுவனமே அனுப்பிப் படித்தவர், இப்போதைக்கு வேலை தேடவில்லை என்று எழுதிக்கொடுத்தவர் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கன்சல்டிங்கில் இத்தனை பேர் என்றால், அதில் எத்தனை பேர் ஏற்கெனவே கன்சல்டிங்கில் இருந்து திரும்பப் போனவர்கள்? அறிக்கையில் அது தெரியாது. படித்தவருக்குத் தெரியும்.

என்ன எழுதுவது?

எனக்கு வரும் செய்திகளில் ஒரு ரகம் இப்படி இருக்கும்:

"ரெஸ்பெக்டட் மேடம், நான் உங்கள் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறேன். என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். என் வாய்ப்பு எப்படி என்று சொல்லவும். ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? உங்கள் நிறுவனத்தில் வேலைக்குப் பரிந்துரை செய்யவும் முடியுமா? ப்ளீஸ் மேடம்."

நாலு வரியில் நாலு கோரிக்கை. ஒன்றுகூட என் கையில் இல்லை. இடம் கொடுப்பது பள்ளியின் சேர்க்கைக் குழு, ஸ்காலர்ஷிப்பும் அவர்கள்தான். இதே செய்தி அட்சரம் மாறாமல் இன்னும் இருபது பேருக்குப் போயிருக்கும் என்பதும் படித்தவுடனே தெரிந்துவிடும்.

போன வசந்தத்தில் தார்நாகாவிலிருந்து ஒரு பையன் எழுதியதைப் பாருங்கள்:

"வணக்கம். நான் நான்கு வருடமாக மருந்துக் கம்பெனியில் சப்ளை செயின் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் சேர அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீங்களும் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து கன்சல்டிங்குக்கு மாறியவர் என்று பார்த்தேன். அந்த மாற்றத்தில் முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்க இருபது நிமிடம் கிடைக்குமா? நேரமில்லை என்றாலும் பரவாயில்லை."

தான் யார், ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தான், என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், எல்லாம் இதில் இருக்கிறது. கேட்பது என் வாழ்க்கையில் நடந்ததை மட்டும். மறுக்கவும் எனக்கு வழி விட்டிருக்கிறான். அன்று இரவே பதில் போட்டேன். அவன் சேரப்போவது வேறு பள்ளி என்பதால் அங்கே படித்த இரண்டு பேரையும் கைகாட்டினேன்.

முறைகள் சில உண்டு. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். மேல்நாட்டில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும், சார், மேடம் வேண்டாம். தமிழர் என்று தெரிந்தால் பேசத் தொடங்கிய பிறகு அண்ணா, அக்கா தானாக வந்துவிடும். முதல் வரியிலேயே உறவு கொண்டாட வேண்டியதில்லை. நேரத்தை அவருடைய கடிகாரப்படி சொல்லுங்கள். கோடையில் நமக்கு மாலை ஏழரை என்றால் லண்டனில் பிற்பகல் மூன்று, நியூயார்க்கில் காலை பத்து, சிகாகோவில் ஒன்பது.

என்ன கேட்பது?

தார்நாகா பையன் சிகாகோவில் இருக்கும் ஒருவரோடு பேசும்போது என்னையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டான். "கல்லூரி எப்படி?" என்று அவன் ஆரம்பிக்கவில்லை. "செப்டம்பரில் ஒரு திங்கள்கிழமை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்ணினீங்கன்னு சொல்ல முடியுமா அண்ணா?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்குப் பதினைந்து நிமிடம் பதில் வந்தது. காலையில் இரண்டு வகுப்பு. மதியம் ஒரு நிறுவனத்தின் அறிமுகக் கூட்டம். இலவச பீட்சாவுக்காகப் போனதாகச் சொல்லிச் சிரித்தார். மாலையில் ஒரு சீனியரோடு காபி. இரவு கேஸ் பயிற்சி. கேஸ் என்றால், "ஒரு மருந்துக் கம்பெனியின் லாபம் இரண்டு வருடமாகக் குறைகிறது, ஏன்?" என்று கேட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார்கள், நாம் வாய்விட்டு யோசித்து, கேள்வி கேட்டு, கணக்குப் போட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கன்சல்டிங் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வே இதுதான். "விடை தெரியும்ப்பா. ஆனா நம்ம ஊர்ப் பழக்கம், மனசுக்குள்ளயே போட்டுட்டு கடைசி விடையை மட்டும் சொல்றது. அதை மாத்தத்தான் ரெண்டு மாசம் ஆச்சு. நீ அங்கேயே ஒரு ஆளைப் பிடிச்சு இப்பவே பழகு" என்றார்.

எந்தக் கையேட்டிலும் "நம்ம ஊர்ப் பழக்கம்" என்று எழுதியிருக்காது. இதற்காகத்தான் பேசச் சொல்கிறேன்.

வீட்டைப் பற்றியும் கேளுங்கள். அமெரிக்காவில் வாடகை வீடு தேடும்போது கடன் வரலாறு கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் அது இருக்காது. யார் எந்த வீட்டைக் காலி செய்கிறார்கள் என்பது சீனியர்களுக்குத் தெரியும். கல்விக் கடன் எங்கே வாங்கினார், வட்டி மிதக்கும் வட்டியா நிலையானதா, படித்து முடித்து எத்தனை மாதம் கழித்துத் தவணை தொடங்கியது என்றும் கேளுங்கள். சம்பளத்தை நேரடியாகக் கேட்க வேண்டாம். "கடனை அடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பலர் தாங்களாகவே சொல்வார்கள்.

விசா பற்றிக் கேட்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: எந்த ஆண்டு படித்தவர் சொல்கிறார் என்று பாருங்கள். பிரிட்டனில் படித்த பிறகு தங்கி வேலை தேடும் விசா 2012ல் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில் இரண்டாண்டு விசாவாகத் திரும்பி வந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது ஒன்றரை ஆண்டாகக் குறைகிறது. 2014ல் லண்டனில் படித்தவரும் 2022ல் படித்தவரும் நேர்மையாகவே சொன்னாலும் நேரெதிராகச் சொல்வார்கள். அமெரிக்காவில் படித்தபின் ஓராண்டு வேலை அனுமதி உண்டு. ஸ்டெம் என்று வகைப்படுத்திய படிப்பானால் மேலும் இரண்டாண்டு. உங்கள் எம்.பி.ஏ. அந்த வகையில் வருமா என்று பள்ளியிடமே கேளுங்கள். அதற்குப் பின் எச்-1பி வேலை விசா. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்து, யாருக்குப் பொருந்தும் யாருக்குப் பொருந்தாது என்று விளக்கங்கள் தொடர்ந்து வந்தன. இந்த விஷயத்தில் பழைய மாணவரின் வாக்கைவிட அரசு இணையதளமே மேல்.

நூயியின் புடவை

போவதற்கு முன் இதெல்லாம் சொல்ல ஆளில்லாத காலம் எப்படியிருந்தது என்பதற்கு நம் சென்னைப் பெண்மணியே சாட்சி. இந்திரா நூயி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்துவிட்டு, 1978ல் யேல் மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். அந்தப் பள்ளி அப்போது தொடங்கி இரண்டே ஆண்டு. செலவுக்காக இரவு நேர வரவேற்பாளர் வேலை பார்த்தார். கோடைக்கால வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு, மலிவு விலையில் வாங்கிய, உடம்புக்குப் பொருந்தாத கோட்டும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு போனார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் போய் அழுதார். இந்தியாவில் என்றால் என்ன உடுத்துவாய் என்று அவர் கேட்க, புடவை என்றார் நூயி. அப்படியானால் அடுத்ததற்கு அதையே கட்டிக்கொண்டு போ என்றார் அலுவலர். புடவையில் போன நேர்முகத் தேர்வில் வேலை கிடைத்தது. இதை நூயி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

1980ல் படிப்பை முடித்தவர், 2006ல் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியானார். 2016ல் கொடுத்த நன்கொடையோடு, மொத்தக் கணக்கில் அந்தப் பள்ளிக்கு மிக அதிகம் கொடுத்த முன்னாள் மாணவரானார்; அங்கே டீன் பதவி இன்று அவர் பெயரில் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னாள் மாணவர்கள் ஏன் அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்ற கேள்விக்கு, படித்த பள்ளிமேல் உள்ள இந்தப் பாசம் பாதி விடை. பள்ளியின் பெயர் உயர்ந்தால் தன் பட்டத்தின் மதிப்பும் உயரும் என்ற கணக்கு மறுபாதி. புதிதாக வருகிறவருக்கு மூத்தவர் வழிகாட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. நகரத்தார் பிள்ளைகள் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின்கீழ் பல கடைகள். பகலில் தொழில், இரவில் அங்கேயே படுக்கை. புதிதாக வந்த பையன் ஊரையும் தொழிலையும் அங்கிருந்த மூத்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டான்.

பிசினஸ் ஸ்கூல்காரர்கள் இந்தப் பாசத்தை முதலாகவும் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கு உள்ளூர் வங்கி கடன் தர மறுத்ததைப் பார்த்து, இன்சியாடில் படித்த சிலர் 2007 வாக்கில் ப்ராடிஜி ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் முன்னாள் மாணவர்களே பணம் போட, புதிய மாணவர்களுக்கு ஜாமீனோ சொத்தோ கேட்காமல் கடன் கொடுத்தார்கள். இன்று பல நாட்டு மாணவர்கள் அங்கே கடன் வாங்குகிறார்கள். வட்டியை நம் வங்கிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே கிடைப்பது

வெளிநாட்டுக்கு விசா வேண்டி சில்கூர் பாலாஜி கோயிலைப் பதினொரு சுற்று சுற்றுகிறவர்களும், பலித்ததும் நூற்றெட்டு சுற்ற வருகிறவர்களும் நிறைந்த ஊர் இது. 2023 மார்ச்சில் நானக்ராம்குடாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் பெரிய வளாகத்துக்குக் குடிபோனதே இங்கிருந்து கிளம்பும் கூட்டத்துக்குச் சான்று. 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். மற்ற எந்த நாட்டையும்விட அதிகம். ஆக உங்களுக்கு முன் போனவர் யாராவது இந்த ஊரில் கட்டாயம் இருப்பார்.

ஜூன், ஜூலையில் பல பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் புதிதாகப் போகிறவர்களுக்கு வழியனுப்புக் கூட்டம் வைக்கும். சங்கம் பெரிதாக இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் பிரியாணியோடு முடியும். பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் தொடர்பு கொடுப்பார்கள். கணவரோ மனைவியோ கூட வருவதாக இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுடைய கேள்விகள் வேறு, அவற்றுக்கு விடை தெரிந்தவர்களும் அங்கே வந்திருப்பார்கள்.

கச்சிபௌலியில் ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இருக்கிறது. 2001ல் கெல்லாக், வார்ட்டன் பள்ளிகளின் கூட்டோடு தொடங்கிய ஓராண்டுப் படிப்பு. அங்கே படித்தவர்களில் பலர் வெளிநாட்டில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ஏன் விட்டார்கள் என்று கேட்பது போனவர்களிடம் கேட்பதைப் போலவே முக்கியம்.

இப்படிப் பேசவைப்பதற்கும் கடை விரித்திருக்கிறார்கள். "முன்னாள் மாணவர்களோடு பேச வைக்கிறோம்" என்று கன்சல்டன்சிகள் பேக்கேஜ் விற்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிப் பணம் கட்டியது. பேசிய ஆள் அந்தப் பள்ளியில் நாலு நாள் சான்றிதழ் வகுப்புக்குப் போனவர் என்பது பிறகுதான் தெரியவந்தது. உண்மையான முன்னாள் மாணவர் பேசுவதற்குக் காசு கேட்கமாட்டார். உங்கள் கட்டுரையை எழுதித் தருகிறேன் என்றும், உள்ளே ஆள் இருக்கிறது இடம் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்கிறவர் யாராயிருந்தாலும் அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பேசிய பிறகு

பேசி முடித்த அன்றே நாலு வரி நன்றி எழுதுங்கள். அவர் சொன்னதில் எது பயன்பட்டது என்று குறிப்பிட்டு எழுதினால் நினைவில் நிற்கும். முடிவெடுத்ததும் அதையும் சொல்லுங்கள். போகவில்லை என்றாலும் சொல்லுங்கள். அக்டோபரில் அவருடைய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பரிந்துரை கேட்க உங்களுக்குக் கூச்சமிருக்காது, கொடுக்க அவருக்கும் தயக்கமிருக்காது. ஒரு சின்ன நோட்டில் யார், எந்த ஆண்டு படித்தவர், என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள். ஒரே விஷயத்தை மூன்று பேர் தனித்தனியே சொன்னால் அதை நம்பலாம். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் அனுபவம், அவ்வளவுதான்.

தார்நாகா பையன் கடைசியில் போகவில்லை. அவன் பேசியவர்களில் இருவர், அவன் நினைத்திருந்த வேலைக்கு அந்தப் பள்ளிக்கு நிறுவனங்கள் அதிகம் வருவதில்லை என்று தனித்தனியே சொன்னார்கள். முன்பணம் கட்டாமல், சேர்க்கையை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டுக்கு வேறு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தான். இன்னொரு பெண் இதேபோல் விசாரித்துவிட்டு, இன்னும் உறுதியாகி, கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். இருவரும் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

வீட்டில் யாருக்காவது வெளிநாட்டு எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தால், வாழ்த்துச் சொன்ன கையோடு ஒன்று கேளுங்கள்: முன்பணத்துக்குக் கடைசித் தேதி என்ன, அதற்குள் அங்கே படித்த எத்தனை பேரோடு பேசியாயிற்று? ஐந்து பேருக்குக் குறைவு என்றால் இன்று இரவே எழுத உட்காரச் சொல்லுங்கள். அந்த ஐவரில் ஒருவராவது, படித்தும் நினைத்த வேலை கிடைக்காதவராக இருக்கட்டும்.